தேர்தல் தோல்வியும் சினம் என்னும் கஷாயமும்

இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாத பகவானின் வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். திருமலையில் சிகாமணிநாதராய் ஓங்கி நிற்கும் அப்பெருமான், மணக்கோலம் பூண்டு ராஜிமதியை மணக்கச் சென்ற வழியில், மணவிருந்துக்கென்று அடைத்து வைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலத்தைச் செவியுற்றார். அவற்றை விடுவித்துத் தாமும் மணக்கோலத்தைத் துறந்து ஊர்ஜயந்தகிரியை நாடினார். அடைபட்ட உயிர்களின் துயரமும் ஒரு திருமணமும் ஒரே நாளில் ஒரே பாதையில் எதிர்ப்பட்ட வரலாறு அது. சிறுவயது முதல் கேட்டுப் பழகிய இவ்வரலாறு, கடல் கடந்த ஒரு நாட்டின் தேர்தலைப் பற்றிப் படிக்கும்போது நம் நெஞ்சில் வந்து நின்றது. அதனை முன்வைத்தே சிலவற்றைச் சிந்திக்க விழைகிறோம்.

2008ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொதுத் தேர்தல் நடைபெற்றது. பராக் ஒபாமா குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கலிபோர்னியா மாநிலத்தில் அதே வாக்குச்சீட்டில், மக்கள் ஆம் என்றோ இல்லை என்றோ விடையளித்துத் தாமே முடிவு செய்ய வேண்டிய பன்னிரண்டு பிரேரணைகளும் இடம்பெற்றிருந்தன. மக்கள் நேரடியாகச் சட்டம் இயற்றும் இம்முறை அம்மாநிலத்தில் 1911 முதல் இருந்து வருகிறது.

அவற்றுள் 2ஆம் எண் பிரேரணை கோழி, பன்றி, கன்று ஆகியவற்றைப் பற்றியது. முட்டைக்கென வளர்க்கப்படும் கோழிகள் அந்நாட்டுப் பண்ணைகளில் கம்பிக் கூடுகளில் அடைக்கப்படுகின்றன. ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு தட்டச்சுத் தாளின் அளவும் இராது. வாழ்நாள் முழுதும் அது தன் சிறகை ஒருமுறையேனும் விரிக்க இயலாது. இவ்வுயிர்கள் படுக்கவும் எழவும் உடலை நீட்டவும் திரும்பவும் இடம் தரப்பட வேண்டும் என்று கேட்டது அப்பிரேரணை. நூற்றுக்கு 63 பேருக்கு மேல் ஆம் என்றனர்; வாக்கு எண்ணிக்கை ஏறத்தாழ 82 லட்சம். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், கொன்று தின்னும் நாட்டில் இவ்வளவேனும் இரக்கம் எழுந்தமைக்கு மகிழ்கிறோம்.

8ஆம் எண் பிரேரணை மனிதரைப் பற்றியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிகழும் திருமணம் மட்டுமே செல்லும் என்று மாநில அரசியல் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதற்கும் ஏறத்தாழ 70 லட்சம் பேர் ஆம் என்றனர். நூற்றுக்கு 52 பேர். அதுவும் நிறைவேறிற்று. வாக்களித்தவரின் மொத்தத் தொகையோடு இவ்விரு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கோழியின் கூட்டைத் திறந்துவிட்ட அதே கையால் மனிதரின் மணப்பந்தலை மூடியவர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தாக வேண்டும் என்பது எளிய கணக்கு. அவர்கள் கொடியவர்கள் அல்லர்; சற்று முன்னரே சிறகு விரிக்க இயலாத பறவைக்காக மனம் இளகியவர்கள். நம்மை உறுத்துவது இதுவே.

அப்பிரேரணையால் எது இழக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருபாலினத் திருமணம் அந்நாட்டில் முதன்முதலாக 2004 மே மாதம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் சட்டமுறையாயிற்று. அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் பதினொரு மாநிலங்கள் அதனைத் தடை செய்து தம் அரசியல் சட்டங்களைத் திருத்தின. கலிபோர்னியாவில் 2004 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ நகர மேயர் தாமே முன்வந்து உரிமம் வழங்கச் செய்ய, ஏறத்தாழ 4,000 இணையர் மணந்துகொண்டனர். ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அவையனைத்தும் செல்லா என்றது. பின்னர் 2008 மே 15ஆம் நாள் அதே நீதிமன்றம், நால்வர்க்கு மூவர் என்ற அளவில், மணக்கும் உரிமையை இவர்களுக்கு மறுத்தல் மாநில அரசியல் சட்டத்துக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது. ஜூன் நடுவில் திருமணங்கள் தொடங்கின.

அந்நகரில் முதலில் மணந்தவர்கள் டெல் மார்ட்டின், பிலிஸ் லயன் என்னும் இரு மூதாட்டிகள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். 2004இல் நடந்த முதல் மணம் செல்லாதென்று ஆன பின், இரண்டாம் முறையாக அன்று மணந்தனர். ஆகஸ்ட் 27ஆம் நாள் டெல் மார்ட்டின் தமது 87ஆம் வயதில் காலமானார். சட்டப்படியான மணவாழ்க்கை பத்து வாரங்களே. நவம்பருக்குள் அவ்வாறு மணந்தவர்கள் ஏறத்தாழ 18,000 இணையர். நவம்பர் 4ஆம் நாள் இரவு அவர்கள் ஒரு கண்ணால் மகிழ்ந்தும் ஒரு கண்ணால் அழுதும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தனர் எனலாம். அவர்களுள் பலர் வாக்களித்த தலைவர் வென்றார். அவர்தம் திருமணம் தோற்றது. (வென்ற தலைவரும் அப்பிரேரணையை எதிர்த்தாரேனும், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்றே அந்நாளில் கூறிவந்தார், 2012 மே மாதத்தில்தான் தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக அறிவித்தார்.) அரிசோனாவிலும் புளோரிடாவிலும் அன்றே இத்தகைய தடைகள் நிறைவேறின.

தேர்தலில் தோற்பது எல்லோருக்கும் நேர்வது. ஆனால் தாம் விரும்பிய கட்சி தோற்பது வேறு. தம் வாழ்க்கை சரியா தவறா என்று அண்டை வீட்டார் வாக்களித்து, தவறு என்று முடிவு கூறுவது வேறு. மறுநாள் காலை கடைக்குச் செல்கையில், பேருந்தில் அமர்கையில், எதிரில் இருப்பவரை நோக்கி, இவர் எனக்கு எதிராக முத்திரையிட்டவரோ என்று எண்ணாமல் இருத்தல் அரிது. அச்சினத்தை நாம் எளிதாகக் குறை கூறிவிட முடியாது.

சினம் எங்கெங்குச் சென்றது என்பதையும் பார்ப்போம். பிரேரணைக்கு ஆதரவாக மார்மன் திருச்சபை தன் உறுப்பினரைப் பொருளும் நேரமும் தருமாறு வேண்டியிருந்தது. அத்திருச்சபையின் கோயில்கள் முன் பெருங்கூட்டங்கள் கூடின. அமைதியான மறியல் குடிமக்களின் உரிமை. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் சில நாட்களில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலும் சால்ட் லேக் நகரிலும் உள்ள அக்கோயில்களுக்கு வெண்பொடி இட்ட உறைகள் அஞ்சலில் வந்தன. அது நஞ்சன்று எனச் சோதனையில் தெரிந்தது. அச்சுறுத்தியவர் யாராயினும், அச்சம் மெய்யானதே. ஆதரவு நிதிக்கு நூறு டாலர் கொடுத்த ஓர் உணவக மேலாளரின் கடை முன் கூட்டம் கூடி முழங்கிற்று. ஆயிரம் டாலர் கொடுத்த நாடகக் குழு ஒன்றின் இயக்குநர் பதவி விலக நேர்ந்தது.

இவற்றினும் கொடியது ஒன்று. கருப்பின மக்களில் நூற்றுக்கு 70 பேர் ஆம் என்று வாக்களித்தனர் என்று தேர்தல் நாள் கணிப்பு ஒன்று கூறிற்று. உடனே, அவர்களால்தான் தோற்றோம் என்ற பேச்சு எழுந்தது. கருப்பினத் தலைவர் ஒருவரை அந்நாடு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த அந்த வாரத்திலேயே, தெருக்களில் அம்மக்களை இழித்துரைத்தனர் சிலர். 2009 ஜனவரியில் வெளிவந்த ஆய்வு, அந்த எண் 57 முதல் 59 வரையே இருக்கும் என்றும், வேறுபாட்டுக்குக் காரணம் இனமன்று, தேவாலயம் செல்லும் பழக்கத்தின் மிகுதியே என்றும் எடுத்துக் காட்டியது. அதற்குள் சொல்லம்பு பாய்ந்தாயிற்று. அந்த வசைமொழி கேட்டவர்களுள், தாமும் இல்லை என்றே வாக்களித்தவர் எத்துணைப் பேரோ! ஒருபாலினத்தாராகவும் கருப்பினத்தாராகவும் இருந்தோர் அந்த வாரத்தில் எந்தத் தெருவில் நடந்திருப்பர்?

இங்கே நம் ஆசிரியர்கள் சினத்தை நான்கு படிகளாகப் பிரித்துரைத்தமை நினைக்கத் தக்கது. அனந்தானுபந்தி என்னும் சினம் பாறையில் ஏற்பட்ட பிளவு போன்றது. அப்ரத்யாக்யானம் நிலத்தில் தோன்றும் வெடிப்பு. மழை வந்தால் கூடும். ப்ரத்யாக்யானம் புழுதியில் இழுத்த கோடு, காற்றடித்தால் மறையும். சஞ்ஜ்வலனம் நீரில் இட்ட கோடு. இவற்றின் நிலைப்புக் காலத்தையும் கோம்மடசாரம் கூறுகிறது. நீர்க்கோடு ஒரு முகூர்த்தத்துக்குள் அடங்கும். புழுதிக்கோடு ஒரு பக்கம், அதாவது பதினைந்து நாள். நிலவெடிப்பு ஆறு மாதம். பாறைப்பிளவு அதற்கும் அப்பால், பிறவிதோறும் தொடரும். பாறைச்சினம் உடையார்க்கு நற்காட்சியே கூடாது. நிலவெடிப்புச் சினம் உடையார்க்கு அணுவிரதம் கூடாது.

இப்பகுப்பில் நாம் அடிக்கடி கவனியாத ஒரு கருணை உள்ளது. இல்லறத்தானிடம் சினமே கூடாது என்று அறநூல் கேட்கவில்லை. அணுவிரதம் பூண்ட சாவகனுக்கும் புழுதிக்கோட்டின் அளவு சினம் எழும் என்பதை அது அறிந்தே இருக்கிறது. இம்சையையும் அவ்வாறே நான்காகப் பகுத்து, வேண்டுமென்றே செய்யும் சங்கல்பி இம்சையை இல்லறத்தானும் முற்றாக விலக்க வேண்டும் என்றும், தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்பொருட்டு நேரும் விரோதி இம்சையை அவனால் முற்றும் தவிர்க்க இயலாது என்றும் கூறினர். ஆகவே, உரிமையிழந்தவன் நீதிமன்றத்தை நாடுவதும் ஊர்வலம் செல்வதும் அடுத்த தேர்தலுக்கு ஆள் திரட்டுவதும் அறத்துக்கு மாறானவை அல்ல. நூறு டாலர் கொடுத்தவரைத் தேடிப் பிடித்து நாணச் செய்வதும், ஓர் இனத்தையே பழிப்பதும் தற்காப்பில் அடங்கா. அங்கே சினம் தன் காரணத்தை விட்டு அகன்று, தனக்கே உணவு தேடத் தொடங்கிவிட்டது.

இதுவரை சொன்னது தோற்றவர்களைப் பற்றி. வென்றவர்களைப் பற்றியும், உண்மையில் நம்மைப் பற்றியும், சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. ஏனெனில், இத்தகைய திருமணம் என்றாலே முகம் சுளிப்போர் நம் இல்லங்களில் பலர். அதற்கு நம் சமயமே காரணம் என்றும் அவர்கள் கருதுகின்றனர். அப்படித்தானா?

தத்துவார்த்த சூத்திரம் மோகநீய கர்மத்தை விரிக்கையில், கஷாயங்களுக்குத் துணையாக ஒன்பது நோகஷாயங்களைக் கூறுகிறது. நகை, விருப்பு, வெறுப்பு, துயரம், அச்சம், அருவருப்பு ஆகிய ஆறும், ஆண்வேதம், பெண்வேதம், நபும்சகவேதம் ஆகிய மூன்றும் அவை. இங்கு வேதம் என்பது நான்மறை அன்று, பால்வேட்கை. இவ்வேட்கை உடலின் பாலோடு பெரும்பாலும் ஒத்திருக்கும் என்றும், சிலரிடம் மாறுபட்டும் இருக்கும் என்றும் பத்தாம் நூற்றாண்டிலேயே நேமிசந்திரர் எழுதி வைத்தார். உடலின் பாலைத் திரவியம் என்றும் உள்ளத்தின் வேட்கையைப் பாவம் என்றும் பிரித்தது நம் மரபு. ஆண் உடலில் பெண்வேதமும் பெண் உடலில் ஆண்வேதமும் அமையக்கூடும் என்பது நமக்குப் புதுச் செய்தியன்று. அது மேலைநாட்டுக் கேடு என்பார், தம் வீட்டு ஏட்டைப் புரட்டிப் பாராதவர்.

இப்பட்டியலில் வேறொன்றையும் காண்க. மூன்று வேதங்களும் ஒருங்கே கட்டும் வினைகள். ஆணுக்குப் பெண்மேல் எழும் வேட்கை உயர்ந்தது, ஏனையது தாழ்ந்தது என்று அப்பட்டியலில் இல்லை. விடுதலை நாடுவோன் அனைத்தையுமே கடக்க வேண்டும். அவற்றோடு அதே வரிசையில் அருவருப்பும் நிற்கிறது. பிறருடைய வேட்கையைக் கண்டு நாம் கொள்ளும் அருவருப்பும் அவ்வேட்கையைப் போலவே ஒரு நோகஷாயம். வேட்கையை வினை என்று சுட்டும் நாம் அருவருப்பை மட்டும் நல்லொழுக்கத்தின் சான்றாகக் கொள்கிறோமே, எந்த நூலைக் கொண்டு?

நற்காட்சிக்குரிய எட்டு உறுப்புகளுள் நிர்விசிகிச்சை ஒன்று. அதற்கு எடுத்துக்காட்டாக உத்தாயண மன்னனை நம் முன்னோர் கூறினர். நோயுற்ற முனிவர் வடிவில் வந்தவர் தன் மேலேயே வாந்தி எடுத்தபோதும் முகம் சுளியாமல் கழுவித் தூய்மை செய்தவன் அவன். அது முனிவரின் உடலழுக்கைப் பற்றிய உறுப்பே. அதனை ஒருபாலின மணத்துக்கு நீட்டிப் பொருள் கொள்வது நம்முடைய துணிவு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அருவருப்பை அறிவாகக் கொள்ளாதே என்பது அக்கதையின் உயிர் என்றால், அதனை முனிவரின் வாசலோடு நிறுத்திவிட வேண்டியதில்லை.

இவ்விடத்தில் கற்றறிந்த பெரியோர் ஒரு தடையை எழுப்பக்கூடும். பிரம்மசரிய அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் அனங்கக்கிரீடை கூறப்பட்டுள்ளதே, இது அதில் அடங்காதோ என்பர். நேர்மையான வினாவே, அதனை மறைக்க விரும்பவில்லை. விரதம் பூண்டவன் தன்னளவில் அதனை எவ்வாறு கொள்வது என்பதை ஆசாரியர்களிடம் கேட்டுத் தெளிக. ஆனால் அதே சூத்திரத்தில் அதிசாரங்களுள் முதலாவதாக நிற்பது பரவிவாககரணம், அதாவது பிறர் வீட்டுத் திருமணத்தை முன்னின்று நடத்தி வைப்பது. சாதகப் பொருத்தம் பார்த்து, சம்பந்தம் பேசி, பந்தலில் முன்வரிசையில் அமர்வதைப் பெருமையாகக் கருதும் நாம் அனைவரும் அந்த அதிசாரத்தை ஆண்டுதோறும் மகிழ்ச்சியோடு செய்து வருகிறோம். அதனைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அதிசாரம் என்பது விரதம் பூண்டவன் தன்னைத் தானே அளந்துகொள்ளும் கோல். அடுத்த வீட்டாரை அடிக்க எடுக்கும் கோல் அன்று.

திருமணம் குலம் தழைக்கவே என்பது மற்றொரு தடை. மகன் பிறந்து நீர்க்கடன் செய்தால்தான் தந்தைக்கு நற்கதி என்னும் கொள்கையை நாம் ஏற்றவர்களா? அவரவர் வினை அவரவர்க்கே என்று பிறருடன் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டவர்கள் அல்லவா நாம்! பிள்ளையில்லாத கணவன் மனைவியரின் மணம் செல்லாது என்று நாம் கருதுவதும் இல்லை. இல்லறத்தானுக்கு மணம் எதற்கு என்று கேட்டால், அறநூல் கூறும் விடை சுவதார சந்தோஷம். எங்கும் பரவும் வேட்கையை ஓரிடத்தில் நிறுத்தி, ஒருவரிடமே அமைந்து, உண்மையாய் இருத்தல். அது ஒரு வேலி. வேட்கை எல்லோருக்கும் உண்டு, வேலி சிலருக்கு மட்டும் என்பதில் என்ன அறம் இருக்கிறது என்பது நமக்கு விளங்கவில்லை. வேலியைத் தமக்கும் வேண்டும் என்று கேட்டு நின்ற 18,000 இணையரைப் பார்த்து ஒழுக்கக் கேடு என்பது சொல்லுக்கே பொருந்தாதது.

பிரேரணையை ஆதரித்தோர் எல்லோரும் அருவருப்பால் மட்டும் வாக்களித்தனர் என்பதும் உண்மையன்று. அவர்களுடைய விளம்பரம் ஒன்றில், இளவரசன் இளவரசனை மணக்கலாம் என்று பள்ளியில் கற்றதாக ஒரு சிறுமி தாயிடம் கூறுவாள். தம் குழந்தைக்குத் தாம் விரும்பாததைப் பள்ளி கற்பிக்குமோ என்ற பெற்றோரின் அச்சத்தைத் தொட்டது அது. பள்ளியில் முட்டை வழங்கும் நாட்டில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அவ்வகை அச்சம் தெரியாததன்று. அநேகாந்தம் கற்றவன் அந்த அச்சத்தைக் கேட்டறிய வேண்டும். கேட்டறிவதும் அதற்கு இணங்குவதும் ஒன்றல்ல. ஒரு தாயின் அச்சம் மற்றொருவரின் மணத்தை முறித்துத்தான் தீரும் என்று எந்த நயமும் கூறாது.

பெரும்பான்மையோர் முடிவு செய்தனர், அதுவே குடியாட்சி, இனிப் பேச என்ன இருக்கிறது என்பாரும் உளர். இதனை நம் சமூகம் சொல்லலாகாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் சமணர் ஏறத்தாழ 44.5 லட்சம், நூற்றுக்கு அரைப்பங்கும் இல்லை. 2015 ஆகஸ்ட் 10ஆம் நாள் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனை விரதத்தைத் தற்கொலைக்கு நிகர் என்று கூறியபோது நம் நெஞ்சம் பதைத்ததே, நினைவிருக்கிறதா? ஆகஸ்ட் 24ஆம் நாள் நாடெங்கும் மௌன ஊர்வலம் சென்றோம். ஆகஸ்ட் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்த பின்னரே மூச்சு வந்தது. அன்று அவ்வினாவை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் கலிபோர்னியாவைப் போல் வாக்குச்சீட்டில் அச்சிட்டு, வடக்கிருத்தலை அனுமதிக்கலாமா, ஆம் அல்லது இல்லை என்று நாடு முழுவதையும் கேட்டிருந்தால்? திகம்பர முனிவர் ஆடையின்றி வீதியில் நடக்கலாமா என்று கேட்டால்? நம்மைப் பற்றி எதுவும் அறியாத பல கோடிப் பேர், தமக்கு எழும் முதல் முகச்சுளிப்பைக் கொண்டே முத்திரையிடுவர். நமக்கு அந்த முகச்சுளிப்பு அறியாமை என்று தெரிகிறது. பிறர்க்கு நாம் காட்டும் முகச்சுளிப்பு மட்டும் நமக்கு ஒழுக்கம் என்று தோன்றுகிறது.

(நம் நாட்டிலும் 2023 அக்டோபர் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, ஒருபாலினத் திருமணத்தை ஏற்பது சட்டமியற்றுவோரின் பணி என்று கூறி விலகிக்கொண்டது. அதனை நாம் இங்கே விவரிக்கப் புகவில்லை.)

இனிக் கலிபோர்னியாவில் பின்னர் நடந்தவை. 2009 மே 26ஆம் நாள் மாநில உச்ச நீதிமன்றம் பிரேரணை செல்லும் என்றது. ஆனால் முன்னரே நடந்த 18,000 மணங்களும் செல்லும் என்றது. டெல் மார்ட்டின் மனைவியாகவே இறந்தவர் என்பது இவ்வாறு நிலைபெற்றது. 2010 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் பிரேரணையைச் செல்லாதாக்கினார். மேல்முறையீடுகள் முடிந்து, 2013 ஜூன் 28ஆம் நாள் மணங்கள் மீண்டும் தொடங்கின. 2015 ஜூன் 26ஆம் நாள், ஐவர்க்கு நால்வர் என்ற தீர்ப்பால், நாடு முழுமைக்கும் அவ்வுரிமை வந்தது.

நீதிமன்ற வரலாற்றைவிட நம்மைக் கவர்ந்தது வேறொரு நிகழ்ச்சி. தோற்றவர்களுள் சிலர், லாஸ் ஏஞ்சலிஸில், 2009 முதல் ஒரு செயலை மேற்கொண்டனர். தமக்கு எதிராக மிகுதியாக வாக்களித்த பகுதிகளுக்கே சென்று, வீடு வீடாகக் கதவைத் தட்டி, ஏன் அவ்வாறு வாக்களித்தீர்கள் என்று கேட்டனர். முதலில் உரிமை, சமத்துவம் என்று வாதிட்டுப் பார்த்தனர்; பயனில்லை. பிறகு வாதத்தை நிறுத்தி, அவ்வீட்டாரின் சொந்த வாழ்க்கையை வினவினர். உங்கள் திருமணம் எவ்வாறு அமைந்தது, உங்களைப் பிறர் இழிவாக நடத்திய காலம் உண்டா என்று கேட்டு, விடையைப் பொறுமையோடு செவிமடுத்தனர். கேட்ட பின் தம் கதையையும் கூறினர். தம் மணத்துக்கு எதிராக முத்திரையிட்டவரின் திண்ணையில் நின்று, அவருடைய மணத்தின் கதையைக் கேட்க எத்துணை மனவடக்கம் வேண்டும்! க்ஷமாவணி நாளில் உறவினருக்கு மட்டும் மன்னிப்பு மடல் அனுப்பும் நமக்கு அது கற்கத் தக்க பாடம்.

இதில் வாய்மையைப் பற்றிய ஒரு கிளைக்கதையும் உண்டு. 2014 டிசம்பரில், இத்தகைய உரையாடல் மனங்களை நிலையாக மாற்றுகிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. எல்லோரும் போற்றினர். அதே முறையில் ஆய்வு செய்ய முனைந்த டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்னும் இரு இளைஞர்கள், அதன் கணக்குகளில் ஐயம் கொண்டு ஆராய்ந்து, அவை நம்பத் தகாதவை என்பதை 2015 மே மாதம் வெளிப்படுத்தினர். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தாம் விரும்பிய முடிவு என்பதற்காக அவர்கள் பொய்யைத் தாங்கவில்லை. பின்னர் அவர்களே மியாமி நகரில், பால் மாறியோரைப் பற்றிய பத்து நிமிட உரையாடலை உண்மையாகவே ஆய்ந்தனர். வெறுப்பு குறைவதையும், அது மூன்று மாதமேனும் நிலைப்பதையும் கண்டு 2016இல் வெளியிட்டனர். மூன்று மாதம் என்பது, நம் நூலார் கூறிய கணக்கில், பாறைக்கும் புழுதிக்கும் இடைப்பட்ட அளவு.

8ஆம் எண் பிரேரணை சேர்த்த வரி, பயனற்றதாகியும், கலிபோர்னியாவின் அரசியல் சட்டத்தில் அழியாமலே கிடந்தது. 2024 நவம்பர் 5ஆம் நாள் அதனை நீக்கும் பிரேரணை மக்கள் முன் வந்தது. நூற்றுக்கு 62 பேருக்கு மேல் ஆம் என்றனர். அன்றைய குடியரசுத் தலைவர் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் வென்றார். அம்மாநிலத்தில் பெரும்பாலோர் அவருக்கு எதிராக வாக்களித்தவர்கள். ஆதலின் ஒரு கண் மகிழ, ஒரு கண் கலங்கும் இரவு மீண்டும் வந்தது. இம்முறை மகிழ்ந்த கண்ணும் கலங்கிய கண்ணும் இடம் மாறியிருந்தன. பிலிஸ் லயன் அதனைக் காண இல்லை. 2020 ஏப்ரலில், 95ஆம் வயதில் மறைந்தார்.

அந்த வாக்குச்சீட்டில் வேறொரு வினாவும் இருந்தது. சிறைவாசிகளைத் தண்டனையாகக் கட்டாய வேலை வாங்கும் வழக்கத்தை ஒழிக்கலாமா என்பது அது. மணப்பந்தலைத் திறந்துவிட்ட மக்கள், அதற்கு இல்லை என்று விடையளித்தனர். நூற்றுக்கு 53 பேர்.